சுல்தான் தின்ன அரளி

ஆடு வாய் வைக்காதுன்னுதான் வேலியோரம் அரளி நட்டேன். பக்கத்து வூட்டு மும்தாஜ் செல்லமா வளர்க்கிற கிடா சுல்தான், என் கத்தரிச்செடியை மொட்டையடிச்சா வேற இன்னா பண்றது?

மழையில அரளி எகிறி வளர்ந்துகினு இருந்தது. நேத்து வெட்டி, கிளையெல்லாம் சந்துல எறிஞ்சேன். காலையில டிராம் ஏறி ஆர்பர் வேலைக்குப் போயிட்டேன்.

சாயங்காலம் திரும்பினா, வாசல்ல கைரிக்ஷா. அதுல சுல்தான் நுரை தள்ளிகினு கெடக்குது. பச்சையில சீண்டாத ஆடு, வாடினா தின்னுமாம். எனக்குத் தெரியாதுப்பா.

என்னைப் பார்த்ததும் மும்தாஜ் அழுகையை அடக்கிகினு சொல்லிச்சு: "கோச்சிக்காதீங்கண்ணே. உங்க வேலியில பூந்து அரளியைத் தின்னுட்டான். வேலி பிஞ்சிருந்தா நாங்களே கட்டிக் குடுத்துடறோம்."

வேலியில ஒரு இலைகூடக் கடிபடல; சுல்தான் அங்க வரவே இல்ல. தின்னது சந்துல நான் போட்டதை.

நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "பரவால்ல தங்கச்சி, வுடு." பெரிய மனுஷனாட்டம்!

ரிக்ஷா மாட்டாஸ்பத்திரிக்குப் போனதும், சந்துல கெடந்த கிளையெல்லாம் அவசரமா பொறுக்கினேன். வேற ஆடு தின்னுடக் கூடாதுன்னா, மும்தாஜ் பாத்துடக் கூடாதுன்னா, அதைக் கேக்காதீங்க.

சுல்தான் பொழைச்சு வந்தா உண்மையைச் சொல்லிடுவேன். பொழைக்கலன்னா எப்படிச் சொல்றதுன்னு, தகிரியம் உள்ளவங்க யாராச்சும் சொல்லுங்க.