கேட்டில் நிற்பதாகச் சொன்ன லாரி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு போன்.

பேசியவர் பெயர் செல்வராஜ். கன்டெய்னர் லாரி டிரைவர். சேலம் பக்கத்துக்காரர் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்கள் தலைபோகிற அவசரத்திலும் மரியாதையை விடுவதில்லை.

“மேடம், எனக்கு முன்னாடி நிக்கிற வண்டி டிரைவருங்க. நெஞ்சு வலிக்குதுங்கறார். சட்டையெல்லாம் நனஞ்சு போச்சுங்க.”

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஹார்பர் கேட்லங்க.”

போதாதா? பதினெட்டு வருடமாக ஹெட்செட் மாட்டுகிறவள் நான். பிறந்தது ராயபுரம். ஹார்பர் கேட் எங்கே என்று எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? கை தானாக நகர்ந்தது. பக்கத்திலேயே நின்றிருந்த ஆம்புலன்ஸை கேட்டுக்கு அனுப்பினேன்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவசரத்துக்கு நீங்கள் போன் செய்தால் “சொல்லுங்க, என்ன ஆச்சு?” என்று கேட்கும் குரல்களில் ஒன்று என்னுடையது. போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று பிரித்து, வண்டியை அனுப்பி, அது போய்ச் சேரும்வரை உங்களோடு பேசிக்கொண்டிருப்பது என் வேலை. பேசத் தெரிந்தால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தேன். பேச்சைவிட கேள்விதான் முக்கியம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

அதிலும் முதல் கேள்வி — “எங்க இருக்கீங்க?”

இதற்கு வருகிற பதில்களைக் கேட்க வேண்டுமே… நம் ஏரியாவில் யாரும் கதவு எண் சொல்வதில்லை. கொடுங்கையூரிலிருந்து ஒரு அம்மா, “நாத்தம் அடிக்கும் பாரு, அத்த தாண்டி வா, நாத்தம் நிக்கிற எடத்துல எங்க வூடு” என்றார். பேசின் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒருவர், “ரயிலு சும்மா நின்னுகினு இருக்கும், அதுக்கு எதுர்ல” என்றார். இரண்டுமே சரியான விலாசம் என்பதுதான் விசேஷம். வண்டி நேராகப் போய் நின்றது. அதனால் எனக்கு மனுஷர் வாயிலிருந்து வருகிற விலாசத்தின் மேல் ஒரு தனி நம்பிக்கை. கொஞ்சம் கர்வம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கர்வம்தான் செவ்வாய்க்கிழமை என்னைக் கவிழ்த்தது.

என் திரையில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. போன் எந்த டவரிலிருந்து வருகிறது என்பதை வைத்து, ஆள் இதற்குள் எங்கேயோ இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் போடுகிற வட்டம். அது திருவொற்றியூருக்கும் வடக்கே, பாதி தரையிலும் பாதி கடலிலுமாகக் கிடந்தது. கேட் அதற்குள் இல்லவே இல்லை. கடலில் லாரி நிற்குமா? மெஷின் உளறுகிறது என்று விட்டுவிட்டேன்.

ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்தபோது செல்வராஜிடம் செய்ய வேண்டியதைச் சொன்னேன். அவரை நடக்க விடாதீர்கள், சாய்த்து உட்கார வையுங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள், இரண்டு பக்கக் கதவையும் திறந்து வையுங்கள். வலிக்கிறவர் பெயர் முனுசாமி, வியாசர்பாடிக்காரர் என்று தெரிந்தது. செல்வராஜுக்கு அவரை அன்று காலைதான் பழக்கம். முன்னால் பின்னால் நின்றதில் வந்த பழக்கம்.

ஏழாவது நிமிடம் ஆம்புலன்ஸ் டிரைவர் கோபி என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, கேட்டாண்டதான் நிக்கிறேன். இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. எல்லாரும் நல்லா டீ குடிச்சிகினு கீறானுங்க.”

செல்வராஜிடம் திரும்பினேன். உங்கள் கண்ணுக்கு கேட் தெரிகிறதா என்று கேட்டேன்.

“தெரியலீங்க மேடம். கேட்டுக்குப் போற லைன்ல நிக்கிறோமுங்க.”

அந்த லைன் எவ்வளவு நீளம் என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் கடலோர ரோட்டில் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். நல்ல நாளில் சின்ன வால். மோசமான நாளில் அந்த வால் எண்ணூரை எட்டிப் பார்க்கும். அன்று மோசமான நாள். கடலில் விழுந்திருந்த வட்டம்தான் சரி. நான்தான் தப்பு.

அந்த வட்டத்துக்குள் எங்கே? செல்வராஜுக்கு ஊர் தெரியாது. என்ன தெரிகிறது என்று கேட்டால், “இடது பக்கம் கல்லு, அதுக்கு அந்தப் பக்கம் கடலுங்க. முன்னாடி லாரி. பின்னாடி லாரி” என்கிறார். அந்த ரோடு முழுக்க அதுதானே!

இதற்குள் இன்னொரு தொல்லை. லைன் நகர ஆரம்பித்துவிட்டது.

“மேடம், முன்னாடி வண்டி போயிடுச்சுங்க. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க. இவரு வண்டிய கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்தட்டுங்களா?”

வேண்டவே வேண்டாம் என்றேன். இருக்கிற இடமே தெரியவில்லை, இதில் இடத்தை வேறு மாற்றினால்? அவர் தயங்கினார். இடம் போய்விடும் என்றார். அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் மெல்லக் கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த முனுசாமியின் குரல்.

“வண்டிய எடு நைனா… எவனாவது உள்ள பூந்துருவான்.”

மூச்சு வாங்குகிறது. கவலை லைனைப் பற்றி!

அப்போதுதான் போன் கை மாறியது. ஒரு பெண் குரல்.

“யம்மா, நான் சாந்தி பேசுறேன். இங்க லாரிக்காரங்களுக்கு இட்லி விக்கிறேன். அந்தாளுக்கு ஊரு தெரியாது, என்னான்ட கேளு. வண்டி ஐஸ் ஃபேக்டரிக்கு எதுத்தாப்புல கீது. மெயின் ரோட்டுல வராதீங்க, எதிர்ப் பக்கமும் காலி வண்டிங்க அடைச்சிகினு கீது. குப்பத்து உள்ளாற வுட்டு மாதா கோயில் சந்துல வரச் சொல்லு. ரோட்டு சென்டர்ல செவுரு ஒடஞ்சி கீது, ஸ்ட்ரெச்சர் தாண்டிரும். நான் சந்து முனையில நிக்கிறேன், செவப்பு பொடவ.”

ஒரே மூச்சில் இவ்வளவும். அந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் நுழையுமா என்று கேட்டேன்.

“மீன் வண்டி போவுது, உன் வண்டி போவாதா?”

கோபியைத் திருப்பிவிட்டேன். ஐஸ் ஃபேக்டரிக்கு இன்னும் பக்கத்தில், திருவொற்றியூரில் ஒரு வண்டி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அதை சாந்தி சொன்ன வழியில் அனுப்பினேன். போன் மறுபடி செல்வராஜ் கைக்குப் போனது. தூரத்தில் சாந்தியின் குரல் ஹாரன் சத்தத்தையும் மீறிக் கேட்டது. “யோவ், இங்க ஒரு ஆளு செத்துகினு கீறான், உனக்கு ஹாரன் ஒரு கேடா?”

ஹாரன் நின்றது. முனுசாமியின் காதில் இது விழக் கூடாதே என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்புப் புடவை சந்து முனையில் நின்றது. வண்டி நின்றது. ஸ்ட்ரெச்சர் உடைந்த சுவரைத் தாண்டியது. ஆளை ஏற்றிவிட்டார்கள் என்று செல்வராஜ் சொன்னபோது கடிகாரத்தைப் பார்த்தேன். முதலிலேயே சரியாகக் கேட்டிருந்தால் பதினோரு நிமிடம் முன்னால் ஏற்றியிருக்கலாம். அந்தப் பதினொன்றை டூட்டி நோட்டில் என் பெயருக்கு நேராக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால், மனசு சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது ஒரு மனிதர் ஏன் தான் இல்லாத இடத்தைச் சொல்ல வேண்டும்? பொய் சொல்கிற ஆளின் குரல் இல்லை அது.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பஸ் ஏறி ஐஸ் ஃபேக்டரி ஸ்டாப்பில் இறங்கினேன். சாந்தியைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை, குரலே வழிகாட்டியது. ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு தூக்கு, தலையில் ஒரு பாத்திரம். நான் யாரென்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார். “குரலுக்கு நீ ஒசரமா இருப்பேன்னு நெனச்சேன்” என்றார். நாலு இட்லி கொடுத்தார்.

என் சந்தேகத்தைக் கேட்டேன். அவருக்கு அது சந்தேகமாகவே படவில்லை.

“லைன்ல சேந்துட்டா போன்ல ‘கேட்டாண்ட கீறேன்’தான். ஓனர் போன் பண்ணாலும் கேட்டு, பொண்டாட்டி போன் பண்ணாலும் கேட்டு. எண்ணூர்ல கீறேன்னு சொல்லிப் பாரு, ஓனர் அர மணிக்கொரு தபா போன் பண்ணி பேஜாரு பண்ணுவான். கேட்டுன்னு சொன்னா வச்சிருவான்.”

நல்ல வேளையாக செல்வராஜும் அங்கே இருந்தார். அடுத்த லோடோடு அதே லைனில். என்னைப் பார்த்ததும் வண்டியிலிருந்து குதித்தார். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “வேணும்னு சொல்லலீங்க மேடம். எங்க இருக்கேன்னு யாரு கேட்டாலும் வாயி அதைத்தாங்க சொல்லுது.”

யோசித்துப் பாருங்கள். நாம் மட்டும் என்ன? தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே “கெளம்பிட்டேன்” என்கிறோம். செருப்பைத் தேடிக்கொண்டே “பாதி வழி வந்துட்டேன்” என்கிறோம். “எங்க இருக்கே?” என்று யாராவது கேட்டால் இடத்தையா சொல்கிறோம்? கேட்கிறவர் எதைக் கேட்டால் போனை வைப்பாரோ, அதைச் சொல்கிறோம். பதினெட்டு வருடமாக அந்த ஒரே கேள்வியைக் கேட்கிற எனக்கு இது தெரியாமல் போனதே…

இப்போதெல்லாம் அந்தக் கேள்வியோடு நிறுத்துவதில்லை. தலையை வலது பக்கம் திருப்புங்கள், என்ன தெரிகிறது என்று சேர்த்துக் கேட்கிறேன். கண்ணுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பார்த்ததைத்தான் சொல்லும்.

முனுசாமியின் வண்டி என்ன ஆனது என்று செல்வராஜிடம் கேட்டேன். சாவி வண்டியிலேயே இருந்ததாம். லைன் நகர்கிற ஒவ்வொரு முறையும் முனுசாமியின் வண்டியை முன்னால் எடுத்து நிறுத்திவிட்டு, இறங்கிப் பின்னால் நடந்து வந்து, தன் வண்டியை எடுப்பாராம். ஓனர் வேறு டிரைவரை அனுப்பியது சாயங்காலம்தான். அதுவரை ஒற்றை ஆளாக இரண்டு லாரி. யாராவது நடுவில் நுழைந்தார்களா என்றேன். ஒருத்தரும் இல்லையாம். ஒரு முழம் இடைவெளி விட்டால் மூன்று ஸ்கூட்டர் நுழைகிற ஊர் இது!

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலை பாக்கி இருந்தது.

முனுசாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடைப்பை எடுத்துவிட்டார்கள், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் மனைவி கலா சொன்னார். பக்கத்தில் ஸ்டூல் இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன் — அன்றைக்குப் போனை எடுத்தவள் நான், வண்டியை வேறு இடத்துக்கு அனுப்பியவளும் நான், பதினோரு நிமிடம் என்னால்தான் தாமதம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கலாவின் முகம் மாறியது. அது நியாயம். பதினோரு நிமிடத்தில் என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

முனுசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, “ஒக்கார சொல்லு அவங்கள” என்றார்.

“பதினஞ்சி வருசமா லைன்ல நிக்கிறேன் மேடம். லேட்டாயிருச்சி, மன்னிச்சிருன்னு ஒருத்தர் நேர்ல வந்து சொல்றது… இதான் மொத தபா.”