செல்வியக்கா வீட்டு பிரிண்டருக்கு மூக்கடைப்பு

இங்க்ஜெட் பிரிண்டர் ரிப்பேர்ங்கிறது பாதி சளி வைத்தியம். மூக்கடைப்பையும் எடுக்கணும், வீட்டுக்காரங்க அதுக்குப் பண்ணி வச்ச கை வைத்தியத்தையும் எடுக்கணும். கோடு கோடா வர்ற பேப்பரைப் பார்த்து நொந்து போனவங்களா நீங்க? அப்ப நாம உறவுக்காரங்க. ரெண்டாயிரத்து ஆறு வாக்குல, பொன்னேரியிலேர்ந்து பைக்ல வீடு வீடா போய் இந்த வைத்தியம்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஆடி விடுமுறை

ஆரம்பாக்கத்துல செல்வியக்கா. கம்பெனியில பேக்கிங் லைன்ல நின்னு நின்னு கால் வீங்கி, வேலையை விட்டுட்டு, வீட்லயே பிரிண்டர் போட்டு கல்யாணப் பத்திரிகை அடிச்சுக்கிட்டிருந்தாங்க. அது ஓடலைன்னா மறுபடியும் கம்பெனி வேன்ல ஏறணும். ஆடியில கல்யாணம் கிடையாது, பத்திரிகையும் கிடையாது. அக்கா பிரிண்டரைத் துடைச்சு, துணி போட்டு மூடி, மாசம் பூரா தொடவேயில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு பத்திரிகை அடிச்சா, பிள்ளையார் பச்சையா வர்றார். கார்ட்ரிட்ஜ்ங்கற மை டப்பாவோட அடியில, மை துப்பற ஹெட்ல இருக்கற ஊசிமுனை ஓட்டைங்கள்ல சிவப்பு மை காய்ஞ்சு அடைச்சுக்கிச்சு.

வெந்நீர்ல டிஷ்யூ பேப்பரை நனைச்சு, கார்ட்ரிட்ஜை அது மேல உட்கார வச்சேன். கொஞ்ச நேரத்துல சிவப்பு, நீலம், மஞ்சள்னு மூணு கோடும் விழுந்துச்சு. அதைப் பார்த்தா எனக்கு இன்னிக்கும் குஷிதான். "மூடி வைக்காதீங்க, ஆடியா இருந்தாலும் தினம் கலர்ல ஒரு தாளாவது அடிங்க"ன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "ஆடியில யாரு சார் கண்ணாலம் பண்ணுவா, நீங்களா?"

கம்பெனி காத்து

அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை, கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்பு கம்பெனியில ஃபிட்டர். ஃபிட்டர் வீட்ல மாட்டின பிரிண்டர் போன ஜென்மத்துல ஏதோ பாவம் பண்ணியிருக்கணும். அடுத்த தடவை அடைச்சப்ப என்னைக் கூப்பிடலை. கார்ட்ரிட்ஜை டிபன் டப்பாவுல வச்சு கம்பெனிக்கு எடுத்துக்கிட்டுப் போய், மெஷின்ல தூசி ஊதற கம்ப்ரசர் குழாயை நேரா ஹெட்ல வச்சு அமுக்கிட்டார். அடைப்பு போச்சு. கார்ட்ரிட்ஜும் போச்சு. உள்ள இருந்த மை பூரா சூப்பர்வைசரோட வெள்ளைச் சட்டைக்குப் போச்சு. புது கார்ட்ரிட்ஜோட நான் போனப்ப மனுஷன் கொஞ்சம்கூட அசரலை. "சட்டையில மூணு கலரும் பளிச்சுனு வந்துச்சு சார், ஊட்ல பேப்பர்லதான் வர மாட்டேங்குது."

தலைக்குச் சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் போன், எந்தக் கலரும் வரலைன்னு. கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்தா, ஹெட் மேல கெட்டியா சந்தனம், நடுவுல குங்குமம். கம்பெனியில மெஷினோட முக்கியமான பாகத்துக்கெல்லாம் பொட்டு வைப்பாங்களாம். இதுல ஹெட்தானே முக்கியம்னு ஏழுமலை தேடி எடுத்து வச்சிருக்கார். முகூர்த்த ஆர்டர் காத்திருக்கு, அக்கா முகம் வாடிப் போச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா துடைக்கத் துடைக்க சிவப்பா வருது, எது மை எது குங்குமம்னு தெரியலை. சிரிப்பை அடக்க முடியலை. ஒருவழியா மூணு கோடும் வந்துச்சு. ஏழுமலை திருப்தியா தலையாட்டினார். "பூஜை போட்டதாலதான் சார் இவ்ளோ சீக்கிரம் சரியாச்சு."

மாலையோடு வந்தவர்

அடுத்த ஆடியில அக்கா என் பேச்சைக் கேட்டு தினம் ஒரு தாள் அடிச்சாங்க. என்ன படம்? ஏழுமலை போட்டோ. நீலச் சட்டை, மஞ்சள் சுவர், நெத்தியில குங்குமம், மூணு கலரும் அதுலயே இருக்கு. பிரிண்டர் ஜோரா ஓடுது, ஆர்டர்தான் இல்லை. ஆடிக்கு ஆடி இப்படி சும்மா உட்கார முடியாது, திங்கக்கிழமை கம்பெனி வேன்ல ஏறிடுன்னு ஏழுமலை சொல்லிட்டார். பிரிண்டரை வித்துக் குடுங்கன்னு அக்கா அழாத குறையா கூப்பிட்டதால, ஆடி வெள்ளியன்னிக்கு மனசில்லாம போனேன்.

அன்னிக்கு அடிச்ச போட்டோ ஈரம் காய வாசல்ல கிளிப்ல தொங்குது. கீழ வெள்ளிக்கிழமை ஊதுவத்தி. ஏழுமலைக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட், பகல்ல தூக்கம். தெருவுல ஒருத்தரும் ஆளைப் பார்க்கலை. அப்புறம் கேக்கணுமா? மளிகைக்கடைக்காரர் ரோஜா மாலையோட வந்து, "இப்டி வுட்டுட்டு பூட்டியே நைனா"ன்னு போட்டோ முன்னாடி அழ ஆரம்பிச்சுட்டார். பின்னாலயே நாலு பேர். சத்தம் கேட்டு, வாயில பிரஷ்ஷோட, லுங்கியை இறுக்கிக்கிட்டு ஏழுமலை வெளிய வர்றார். மளிகைக்கடைக்காரர் மாலையோட அப்படியே உட்கார்ந்துட்டார்.

சிரிச்சு ஓய்ஞ்சு டீ குடிக்கறப்ப, மளிகைக்கடைக்காரர் போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். செத்துப்போன அம்மாவோட சின்ன போட்டோ ஒண்ணு இருக்கு, இதே மாதிரி பெருசா போட்டுத் தர முடியுமான்னார். இன்னொருத்தர் அவங்க அப்பாவுக்குக் கேட்டார். சாவுக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஏது? அக்கா அப்பவே பிரிண்டர் முன்னாடி உட்கார்ந்தாச்சு. திங்கக்கிழமை வேன், பிரிண்டரை விக்கற பேச்சு, ரெண்டும் அதோட போச்சு. ஏழுமலை மட்டும் அந்த மாலையைக் கையில வச்சுக்கிட்டு என்கிட்ட வந்தார். "உசுரோட இருக்கசொல்ல ஒரு ஆர்டர் வரல சார், செத்தவொடனே எப்டி வருது பாருங்க."

தினம் ஓடற பிரிண்டர்ல அடைப்பு வராது, அடைப்பு வராத வீட்லேர்ந்து எனக்கு போனும் வராது. ஒழுங்கா ரிப்பேர் பார்த்ததுக்கு இந்தத் தொழில்ல கிடைக்கற மரியாதை இவ்வளவுதான்.