படித்த கோடும் ஓடிய கோடும்

பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை. பெரம்பலூர் ஆபீசில் நான் உட்காரும் முன்பே போன் வந்தது. எங்கள் எடைமேடை சாப்ட்வேரை வாங்கியிருந்த தீவன மில்லின் மேனேஜர் ஜமால் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பல வருடம் கிடங்கு பார்த்தவர்.

"சார், ஒரு வண்டில ரெண்டு டன் சோளம் கொறையுது. டிரைவர் எடுக்கலங்கிறான். சாப்ட்வேர் சரின்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா அவன வேலைய விட்டு அனுப்பிடுவேன்."

நான் போனபோது டிரைவர் ஆரோக்கியசாமி எடைமேடை அறை வாசலில் நின்றிருந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். லாரி காண்ட்ராக்டருடையது, சாவியை வாங்கி வைத்துவிட்டார்கள்.

"செந்துறைல ஏத்துனதுலேர்ந்து டீ குடிக்கக்கூட நிறுத்தல சார். ரெண்டு டன் சோளத்த நான் என்ன வாயில போட்டு மென்னுட்டேனா?"

அவர் கொண்டுவந்த சோளம் குடோனில் மற்றதோடு கலந்துவிட்டது. மறுபடி எடை போட வழியில்லை.

மேடையின் எடை முதலில் இண்டிகேட்டர் என்ற எண் காட்டும் பெட்டிக்கு வரும். அங்கிருந்து கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு. அதைப் படிக்க ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்துகிறோம். எங்கோ சிலர் சம்பளமில்லாமல் எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளத் தரும் புரோகிராம். வெள்ளிக்கிழமைதான் அதன் புதிய பதிப்பைப் போட்டிருந்தோம். எடை வருவது நின்றுபோனால் பழைய எண்ணையே காட்டாமல் பிழை என்று சொல்ல வேண்டும். அந்தத் திருத்தத்துக்காகவே வந்த பதிப்பு. அதன் சோர்ஸ் கோடை வரி வரியாகப் படித்திருந்தேன். அங்கே உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். சரியாகவே இருந்தது.

"அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க சார். தப்பு உங்க மேலயா, இவன் மேலயா?"

"இருங்க பாய்" என்றேன். ஒரு லாரி மேடையில் நின்றபோது கேபிளைப் பிடுங்கினேன். பிழை வரவில்லை. லாரி இறங்கிப் போன பிறகும் திரையில் அதே எடை. அடுத்த லாரி ஏறியது. அதற்கும் அதே எடை. ஆரோக்கியசாமியின் வண்டிக்கும் இப்படி முந்தின வண்டியின் எடைதான் விழுந்திருக்கும். இண்டிகேட்டர் சரியான எண்ணைத்தான் காட்டியிருக்கும். ஆனால் அதை மறைத்தபடி காலண்டர் தொங்கியது.

சோர்ஸில் ஒரு செய்தி வரும்படி ஒரு வரி சேர்த்து, லைப்ரரியை மறுபடி நிறுவினேன். செய்தி வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. சோர்ஸ் நாம் படிப்பதற்கு. அதைக் கம்பைல் செய்தால், அதாவது மெஷின் மொழிக்கு மாற்றினால், கிடைக்கும் பைனரிதான் மெஷினில் ஓடுவது. கம்பைல் செய்ய நேரமாகும் என்று, ஆயத்தமான பைனரி ஒன்றையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். நிறுவும்போது மெஷினில் போய் உட்கார்ந்தது அதுதான். அது திருத்தத்துக்கு முந்தையது. மாற்ற மறந்திருக்கிறார்கள்.

ஜமால் பாய்க்கு எப்படிச் சொல்வது? "லாரிக் கதவுல எம்ப்டி வெயிட் எழுதியிருக்குல்ல பாய், அத நம்பி பில் போடுவீங்களா?"

"அதெப்படி? வெறும் வண்டிய மேடைல ஏத்தித்தான் போடுவோம்."

"நாங்க கதவுல எழுதினத நம்பிட்டோம்."

ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. "எல்லாரும் கதவ நம்புனீங்க. ஆள நம்பல."

ஜமால் பாய் மேசையிலிருந்து சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். "மனசுல வெச்சுக்காதப்பா" என்றார். காண்ட்ராக்டருக்கும் அவரே போன் செய்தார்.

பைனரியை நீக்கி, சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தேன். மில்லின் பழைய கம்ப்யூட்டர் மத்தியானம் வரை திணறியது. லாரிகள் ரோடு வரை நின்று ஹாரன் அடித்தன. பிறகு கேபிளைப் பிடுங்கினால் பிழை வந்தது. எடை வராமல் நிற்கக் காரணமான, தளர்ந்திருந்த கேபிள் பின்னை முடுக்கிவிட்டுக் கிளம்பினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இது வெறும் மறதி. யாராவது வேண்டுமென்றே அந்த பைனரிக்குள் எதையாவது வைத்திருந்தாலும், நான் சுத்தமான சோர்ஸைப் படித்துவிட்டுச் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது எதையும் நாங்களே கம்பைல் செய்கிறோம். அதற்கான கம்பைலரும் யாரோ செய்து தந்த பைனரிதான். எங்கோ ஓரிடத்தில் நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. எந்த இடம் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

காலண்டர் இப்போது வேறு சுவரில் இருக்கிறது. ஆரோக்கியசாமி லாரியை மேடையில் ஏற்றியதும் இறங்கி வந்து, இண்டிகேட்டரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்த பிறகே சீட்டை அச்சிட விடுகிறார். பின்னால் லாரிகள் காத்திருக்கின்றன. யாரும் அவரை ஒன்றும் சொல்வதில்லை.