லாய் வோ-கெய்யின் மூன்று மில்லிமீட்டர்

லாய் வோ-கெய் பெட்டியின் முகப்புப் படத்தைப் பார்ப்பதில்லை. கையில் எடுத்ததும் கவிழ்த்து, அடியில் எறும்பு வரிசை போல அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கிவிடுவார். படிக்கப் படிக்க மூக்கு விடைக்கும்.

"பசை உள்ள இல்ல. பேட்டரி உள்ள இல்ல. தூசி மூடி தனியா வாங்கணும். அப்புறம் என்னதான்யா உள்ள இருக்கு? காத்தா?"

எங்கள் ஷாம் ஷுய் போ வட்டாரத்தின் பொம்மைக் கடைத் தெருவில் இந்தக் குரலை அறியாத கடைக்காரர் இல்லை. வயது ஐம்பத்தாறு. பச்சை மினிபஸ் ஓட்டுகிறார். மதிய இடைவேளையில் பஸ்ஸை நிறுத்தத்தில் போட்டுவிட்டு, அன்னாசி பன்னைக் கடித்துக்கொண்டே வந்துவிடுவார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையில், நாமே கட்டிக்கொள்ளும் பொம்மை வீட்டுப் பெட்டியைப் பார்த்து முதலில் நானும் சிரித்திருக்கிறேன். விரல் நீளக் கட்டில், மிளகு அளவு கோப்பை என்று உள்ளே ஒரு குடித்தனமே இருக்கும். நாங்கள் அவருக்கு எதிர்வீடு. பள்ளி முடிந்து தேர்வு முடிவுக்காகச் சும்மா இருக்கும் எனக்கு, போனில் விலை தேடித் தரும் வேலை.

"ஏ பொண்ணே, இதைப் பாரு. ஒரே வீடு. ஒரே ஜன்னல். ஜன்னல்ல ஒரே பூனை. கம்பெனி பேரு மட்டும் மூணு. ஒருத்தன் நூத்தி முப்பத்தெட்டு டாலர்ங்கிறான், ஒருத்தன் நூத்தி எழுபத்தொம்பது, ஒருத்தன் இருநூத்தி இருபத்தாறு. பூனைக்கு மூணு அப்பனா?"

கடைக்கார குவோக் அம்மா கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வார். "எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா உங்க பஸ்ஸே கத்துது. அதைக் காதுல வாங்கமாட்டீங்க. இங்க வந்து அரை மில்லிமீட்டருக்குச் சண்டை!"

"என் பஸ்ல பத்தொம்பது சீட்டுன்னு வெளிய எழுதியிருக்கு. உள்ள ஏறி எண்ணிக்கோங்க, பத்தொம்பது இருக்கும். உங்க பெட்டியில எழுதினது உள்ள இருக்கா?"

வீடு கட்டுவது அவர் அல்ல, அவர் மனைவி சோய் யுக்-வா. இருபத்திரண்டு வருடம் டிம் சம் சமையற்கட்டில் இறால் கொழுக்கட்டை மடித்தவர்; ஒன்றுக்குப் பதின்மூன்று மடிப்பு. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. சின்னச் சாமான்களை எடுத்து, திருப்பி, பொருத்திப் பழகினால் விரல் திரும்பும் என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னார். 'சின்னக்கூடு' கம்பெனியின் பூக்கடைப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார் லாய் மாமா. ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்கை அடுத்த பலகையில் வெட்டியிருக்கும் பள்ளத்தில், அதாவது காடியில், செருக வேண்டும். நாளுக்கு ஒரு துண்டு. மூன்று மாதத்தில் பூக்கடை எழுந்தது. அதைப் பார்க்க எங்கள் தளமே வந்தது.

இரண்டாவது பெட்டியில்தான் தப்பு செய்தார். ஆரஞ்சானாலும் பூசணியானாலும் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுப்பதுதான் எங்கள் சந்தையில் எல்லாருக்கும் வழக்கம். அவர் மூன்று கம்பெனிப் பெட்டிகளையும் காய்கறிக்காரியின் தராசில் நிறுத்து, அதிகம் கனத்ததை வாங்கினார். அது கனத்ததற்குக் காரணம் பலகை தடிமன். காடி மட்டும் அதே பழைய அளவு, மூன்று மில்லிமீட்டர். யுக்-வா நான்கு நாள் ஒரே நாக்கை அழுத்திக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் மாமா கோபத்தில் கொதிக்க, கம்பெனிக்கு நான்தான் புகார் தட்டினேன். பதில் இப்படி வந்தது: "எங்கள் பாகங்கள் துல்லியமாக வெட்டப்பட்டவை. பொருந்தாமைக்குப் பெரும்பாலும் கைத்திறன் குறைவே காரணம். பெரியவர் ஒருவரின் உதவியைப் பெறவும்."

அறுபது வயதை நெருங்குகிற ஒருத்திக்கு இப்படி எழுத எவ்வளவு திமிர் வேண்டும்! போன் மேசைமேல் கிடந்தது. மாமா எடுத்து மறைப்பதற்குள் யுக்-வா படித்துவிட்டார்.

"கம்பெனிக்காரனே சொல்லிட்டான்ல," என்று துண்டுகளை இடது கையால் அள்ளிப் பையில் போட்டார். மூன்று வாரமாக வலது கை மடியில் சும்மா கிடக்கிறது. "இன்னும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அதுவும் போகலைன்னா என்னை விட்டுடுங்க," என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆகவே நேற்று மாமா தராசைத் தொடவில்லை. பழைய பூக்கடையில் மிஞ்சிய பலகைச் சில்லு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். மூன்றில் விலை கூடியதானாலும் பழகிய 'சின்னக்கூடு' கம்பெனியின் தேநீர்க்கடைப் பெட்டிதான் என்று முடிவு செய்து, "பிரிச்சுக் காட்டுங்க" என்றார்.

"என் கடையில பிரிச்ச பெட்டி விக்கிறதில்ல."

இருநூற்று இருபத்தாறு டாலரைக் கல்லாமேல் வைத்தார். "இப்ப இது என் பெட்டி." உறையை அங்கேயே கிழித்தார். பழைய சில்லு புதுக் காடியில் வழுக்கிக்கொண்டு போனது. புதுப் பலகையின் நாக்கு பாதியில் நின்றது.

"நீயுமாடா!" என்று அவர் பெட்டியைப் பார்த்துக் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"இப்பல்லாம் மூணு பேருக்கும் ஒரே தொழிற்சாலையிலதான் வெட்டுறாங்களாம்," என்றார் குவோக் அம்மா, சற்றுத் தணிந்து.

"அப்ப எதுக்கு மூணு பேரு, மூணு விலை? இதைப் பாருங்க, பெட்டிக்குள்ள உப்புத்தாளும் வச்சிருக்கான். தெரிஞ்சே செய்றான்! அவன் செய்யவேண்டிய வேலையை நான் காசு குடுத்துச் செய்யணும்!"

அந்த உப்புத்தாளை அவர் தொடவில்லை. பக்கத்து இரும்புக் கடையில் வேறு தாள் வாங்கிக்கொண்டு, நிறுத்தத்தில் நின்ற தன் பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அறுபத்து நான்கு நாக்குகள். ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே தேய்த்தார். ரொம்பவும் தேய்க்கவில்லை, யுக்-வா கொஞ்சம் அழுத்த வேண்டும், அழுத்தினால் போக வேண்டும். நேற்றைய இடைவேளை போதவில்லை; இன்றும் தேய்த்தார்.

"அப்படியே கொண்டுபோய்க் குடுங்களேன் மாமா."

"பிரிச்ச பெட்டியைப் பார்த்தா நான் உள்ள கை வச்சது தெரிஞ்சுடும். அவ கையால எழுந்தாலும், வீட்டைக் கட்டினது நான்னு நினைச்சுக்குவா."

கடைக்குத் திரும்பினோம். குவோக் அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி, புது உறை சுற்றி, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினார். உறை சுருங்கிப் பெட்டியோடு ஒட்டியது. "சொன்னேன்ல, என் கடையில பிரிச்ச பெட்டி விக்கிறதில்ல," என்று நீட்டினார்.

லாய் மாமா நன்றி சொல்லவில்லை. அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடையின் கண்ணாடிக் கதவின் முன் நின்றார். புருவத்தில் படிந்திருந்த மரத்தூளைத் தட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்த அந்தச் சில்லை எடுத்து, ஒவ்வொரு நகத்தின் அடியிலும் விட்டு, தூளை நோண்டி நோண்டி எடுத்தார்.