பெரிய ‘ற’

“உங்க பேரை நீங்களே ஒரு தடவை சொல்லுங்க” என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு, பென்சில் முனையை மாதிரி அட்டையின் முதல் எழுத்தில் ஊன்றிக் காத்திருக்கிறார். மறுமுனை சொல்லச் சொல்ல, பென்சில் எழுத்தெழுத்தாக நகர்கிறது. கடைசி எழுத்தைத் தாண்டியதும் ஓரத்தில் ஒரு சுழி. அதற்குப் பிறகுதான் அந்த அட்டை அச்சகத்துக்குப் போகும்.

மூன்றாவது மாடியில் படிக்கட்டை ஒட்டிய சின்ன அறை. நிறுவனத்தின் அறுநூற்றுச் சொச்சம் ஊழியர்களுக்கும் விசிட்டிங் கார்டு வடிவமைத்து, அச்சடிக்கக் கொடுத்து, வந்ததைச் சரிபார்த்து அனுப்புவது அவர் வேலை. எல்லாருக்கும் அவர் ‘கார்டக்கா’. அவரைவிடப் பத்து வயது மூத்த வாசல் காவலாளிக்கும் அக்காதான்.

அட்டையில் எந்த எண் அச்சாகுமோ, அதே எண்ணைத்தான் அழைப்பார். “அடிக்குதான்னு பார்க்காம எப்படி அனுப்புறது? அப்புறம் ஊரெல்லாம் தப்பு நம்பரைக் கொடுத்துட்டுத் திரிவாங்க.” அட்டையின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் வருடியே, அச்சகத்துக்காரர் மட்டமான தாள் போட்டிருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். பெயரைவிடப் பதவியைப் பெரிதாகப் போடச் சொன்ன மேலாளரிடம், “போடலாம் சார். பதவி போனா அந்த இடத்துல ஓட்டைதான் தெரியும், பரவாயில்லையா?” என்றாராம்.

இவ்வளவு கறாரானவருக்கு நேர்ந்ததை, என் அட்டையை வாங்கப் போன என்னிடம் அவரே சொன்னார். ஜன்னலில் வெயில் கொட்டுகிற பகல் பதினோரு மணி.

வெளியூர்க் கிளையில் விற்பனைப் பிரிவில் ஒருவர் இருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை தலைமை அலுவலகம் வருவார். வந்தால் இந்த அறையை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். அவர் பெயரில் வல்லின ‘ற’ வரும். கார்டக்கா ஒருமுறை இடையின ‘ர’ போட்டுவிட்டார். காதால் கேட்டுப் பிடிக்க முடியாத பிழை அது. “அக்கா, இந்தப் பெட்டி தீர்ற வரைக்கும் நான் வேற ஆளு” என்று சிரித்துக்கொண்டே அந்த நூறு அட்டைகளையும் கொடுத்துத் தீர்த்தார் மனிதர்.

சென்ற ஆண்டு, புது அட்டை வேண்டியவர்களின் பட்டியல் பணியாளர் பிரிவிலிருந்து வந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. கார்டக்கா பழைய மாதிரியையே எடுத்து வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“உங்க பேரை நீங்களே ஒரு தடவை சொல்லுங்க.”

சொன்னார். பென்சில் கடைசி எழுத்துக்கு வந்தபோது, “இந்தத் தடவையாவது பெரிய ‘ற’ போடுங்கக்கா” என்றது குரல்.

“ஐயோ, மறந்தே போச்சு தம்பி. இப்பவே மாத்திடறேன்.”

“சரிக்கா.”

மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் பணியாளர் பிரிவின் குமாஸ்தா பெண் படியேறி வந்தாள். “அக்கா, லிஸ்ட்ல ஒரு பேரை அடிச்சிடுங்க. பழைய லிஸ்ட்டைக் கொடுத்துட்டேன். அவரு தவறிப்போய் நாலு மாசமாச்சாம். நுரையீரல்ல ஏதோ கோளாறு.”

“நேத்துப் பேசினேனே!”

“யார்கிட்ட?”

குமாஸ்தா பெண் போனதும் கார்டக்கா அதே எண்ணை மறுபடி அழுத்தினார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவு செய்த குரல். அச்சு வேலையை அவர் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். “மாத்திடறேன்னு வாக்குக் கொடுத்துட்டேனே.”

பெட்டி வந்து மூன்று வாரம் மேசை இழுப்பறையில் கிடந்தது. பிறகு ஏதோ காகிதங்களில் கையெழுத்துப் போட இறந்தவரின் மனைவி வந்திருப்பதாகச் சேதி. “சொல்லலாமா கூடாதான்னு படியில ரெண்டு தடவை நின்னேன்.” பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய், அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மனைவி ஓர் அட்டையை எடுத்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். “அவர் தவறின அந்த வாரமே இந்த நம்பரை நான் ரத்து பண்ணிட்டேனேக்கா” என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பேசும்போது மூச்சு வாங்குச்சா?”

கடைசி இரண்டு மாதம் கணவரால் எதையும் இளைக்காமல் பேச முடியவில்லையாம். தன் பெயரையே நடுவில் நிறுத்தி, இரண்டாக உடைத்துத்தான் சொல்வாராம்.

“இல்லம்மா. துளிகூட வாங்கல. முழுசாச் சொன்னாரு.”

அந்தப் பெண் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். கிளம்பும்போது கார்டக்காவின் கையைப் பற்றி, “இனிமே நான் தூங்கிடுவேன்கா” என்றார்.

“அவங்க ஆறுதலுக்காகச் சொன்னீங்களா, இல்ல நிஜமாவே மூச்சு வாங்கலையா?” என்று நான் கேட்டேன்.

“பொய் சொல்லல தம்பி. வார்த்தை மட்டும்தான் கேட்டுச்சு” என்றவர், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மயங்கிக் கிடப்பவரின் மூக்கருகே வைத்துப் பார்ப்பார்களே, அதுபோலப் புறங்கையைக் காற்றில் நீட்டினார். நீட்டியபடியே சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையசைத்தார்.