டிஸ்க் பெட்டியை விட்டு நகராத வசந்தாமணி

செய்தி வந்தபோது நான் தையல் கூடத்தில் நின்றிருந்தேன். இயந்திர இரைச்சலில் தையல் மேற்பார்வையாளர் முத்துசாமி அண்ணன் சொன்னது முதலில் கேட்கவில்லை. வெளியே ஓடி வந்தேன். "வசந்தா போயிட்டாளுங்க சுசீலா" என்றார். மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுக்கக் கோவையில் இரண்டாவது முறை அறுவை செய்திருந்தார்கள். அவர் கண் விழிக்கவேயில்லை.

எங்கள் கம்பெனி இரண்டாகப் பிரிந்து உண்டான இரு நிறுவனங்களும் வைத்திருக்கும் கண்ணீர் அஞ்சலித் தட்டிகளில் 'விபத்தில் காயமுற்று' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது விபத்தல்ல. வசந்தாமணியை இரும்புத் தடியால் அடித்தார்கள். நான் அங்கே இருந்தேன்.

அவர் சோமனூர்க்காரர். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். எங்கள் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் உற்பத்தித் திட்டமிடலிலும், அவர் கணினிப் பிரிவின் தலைமையிலும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். ஆர்டர், பேட்டர்ன், தையல்காரர்களின் வருகை எல்லாத் தரவும் பழைய கட்டடத்திலிருந்த ஒரே டிஸ்க் பெட்டியில் சேமிக்கப்பட்டிருந்தன. பழைய கட்டடத்தில் ஒரு சர்வர், புதிய கட்டடத்தில் ஒரு சர்வர். இரண்டிலும் மென்பொருளாலேயே ஆன கணினிகளாக ஓடிய விர்ச்சுவல் மெஷின்கள் அந்த டிஸ்கைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்.

அமைக்க வந்த பொறியாளர், எது எப்போது எழுதுவது என்று முறைப்படுத்தும் மென்பொருளைப் போடாமலேயே இரண்டு சர்வருக்கும் எழுதும் அனுமதியைத் திறந்துவிட்டார். வசந்தாமணி பாய்ந்து கேபிளைப் பிடுங்கினார்.

"ரெண்டும் அதுபாட்டுக்கு ஒரே எடத்துல எழுதுனா ஒண்ணும் மிஞ்சாதுங்க! ஒண்ணு பேச்சு மூச்சில்லாமக் கெடந்தா, செத்துப்போச்சுன்னு நெனைச்சு இன்னொண்ணு டிஸ்க்குல கை வெச்சிரக் கூடாது. மொதல்ல அதோட கரண்டை நிறுத்தோணும். அப்புறந்தான் எழுதோணும்."

கம்பெனியை நடத்திய அண்ணன் தம்பிக்குள் பிரிவினை வந்தது இந்தச் சித்திரையில். வாய்ச்சண்டை கைகலப்பாயிற்று. வெட்டும் பிரிவில் ஒருவர் மண்டை உடைந்து, வெள்ளைத் துணிச் சுருள்கள் மேல் விழுந்தார். மறுநாள் மதியம் தம்பி முதலாளி எட்டு, பத்து ஆட்களோடு பழைய கட்டடத்து சர்வர் அறைக்குள் நுழைந்தார்.

"அந்தப் பெட்டியக் கழட்டுங்கடா."

வசந்தாமணி எழுந்து பெட்டியின் முன்னால் நின்றார். "ஓடிட்டிருக்கைல கழட்டுனா எல்லாம் பாழுங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. ஒழுங்கா நிறுத்தி ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு நகல் குடுக்கறனுங்க."

"அவனுக்கு எதுக்கு நகல்?"

"உங்க ரெண்டு பேரு சொத்து மட்டுமா இதுல இருக்குது? தைக்கறவங்க வேலை பாத்த கணக்கும் இதுலதான் இருக்குதுங்க."

ஒருவன் சர்வரை ஓங்கி அடித்தான். தகடு நசுங்கியது. மறுபடி அடித்தான். அடுத்த அடி பெட்டியை நோக்கி வந்தது. வசந்தாமணி அதைக் கட்டிக்கொண்டார். தடி அவர் தலையில் இறங்கியது.

அந்த ஓசையை நான் எழுத மாட்டேன்.

அதற்குள் அண்ணன் முதலாளியின் ஆட்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி சிதறியது, கத்தி வீசினார்கள், ஒருவர் விரல் துண்டாகித் தரையில் கிடந்தது. அடித்துக்கொண்டே எல்லோரும் முற்றத்துக்கு உருண்டார்கள். நான் வசந்தாமணியைத் தூக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

நசுங்கிய சர்வரில் விளக்கு இன்னும் மினுங்கியது. அதைத் தானாக அணைக்கும் பகுதி உடைந்துபோயிருந்தது. அது அணைந்தது உறுதியாகாததால் புதிய கட்டடத்து மெஷின் டிஸ்கைத் தொடாமல் காத்திருந்தது.

"அது இன்னும் சாகலீங்க சுசீலா. அதோட கரண்டு வயரப் புடுங்குங்க."

இரு கையாலும் பிடுங்கினேன். கண்ணில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, விசைப்பலகையை இழுத்து, அணைந்துவிட்டது என்று புதிய கட்டடத்து மெஷினுக்கு அவரே உறுதி கொடுத்தார்.

"போன் போட்டுக் கேளுங்க."

தையல் கூடத்துக் கணினித் திரைகள் திரும்ப வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகே தரையில் சாய்ந்தார்.

தலையில் போட்ட தையலைப் பிரித்ததும் வேலைக்கு வந்தார். இரு முதலாளிகளுக்கும் தன் கையாலேயே நகலைக் கொடுத்தார். தலைவலி மட்டும் விடவில்லை. "வெய்யலுங்க" என்று சொல்லிச் சமாளித்தார். ஆவணியில் ஒரு காலை, பேசிக்கொண்டிருக்கும்போதே மேசை மீது விழுந்தார். அடித்தவன் அப்போது ஜாமீனில் வெளியே இருந்தான்.

சோமனூரில் உடலைக் கிடத்தியிருந்தபோது, அறுவைக்காக மழித்திருந்த பாதித் தலையை மல்லிகைச் சரத்தால் மறைக்கத் தையல்காரப் பெண்கள் குனிந்தார்கள். வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. அண்ணனும் தம்பியும் தனித்தனியே மாலையோடு இறங்கினார்கள்.

முத்துசாமி அண்ணன் பெண்களின் கையைத் தடுத்தார்.

"மூடாதீங்க. பாக்கட்டும்."

இருவரும் பார்த்தார்கள். காதுக்கு மேலே வளைந்து ஓடிய தையலை, வீங்கிய நெற்றியை, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை யாரும் அழவில்லை.

போய் வாருங்கள் வசந்தாமணி. நீதிமன்றத்தில் நான் எழுந்து நின்று, பார்த்ததைச் சொல்வேன்.