அண்ணனுக்கு வாங்கிய பிரீ ஆம்ப்

ராஜபாளையத்தில் சத்தம் விற்கிறவர்களுக்கு என்றைக்கும் குறைவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை. கேட்கத் தெரியாத அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பது தெரிய எனக்கு அண்ணனின் இரண்டு லீவுகள் ஆயின.

அண்ணன் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தார். எண்பதுகளின் கடைசியில் ஒரு மாத லீவில் வந்தபோது, வடக்கே யாரிடமோ வாங்கிய ரெக்கார்டு பிளேயரையும் ஏழெட்டுப் புல்லாங்குழல் இசைத்தட்டுகளையும் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். பீரங்கிச் சத்தத்தில் அவர் காது மங்கிக்கொண்டே வந்தது. இனிக் குறையத்தான் செய்யும் என்று ராணுவ டாக்டர் சொல்லிவிட்டார்.

"இருக்க வரைக்கும் கேட்டுக்கிடுதேன்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டு ஆம்ப்ளிபயரில் நேராகச் சொருகினால் கொசு ரீங்காரம்தான் வந்தது. தட்டின்மேல் ஓடும் முள் எடுத்துத் தரும் சத்தம் மிகச் சன்னம். அதைத் தூக்கி, சமன்செய்து கொடுக்க நடுவில் பிரீ ஆம்ப் என்று ஒரு பெட்டி வேண்டும். "நான் பாத்துக்கிடுதேன்ணே" என்றேன். அதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

முதலில் ஒரு மைக் செட் கடையில் வாங்கினேன். அது கல்யாண வீட்டுக் கூம்பு ஸ்பீக்கருக்கென்று செய்த சனியன். கனத்த சத்தம் போனால் கூம்புக்குள் இருக்கும் தகடு கிழிந்துவிடும் என்று அடிச்சத்தத்தையே அறுத்துவிட்டுக் கட்டியிருந்தார்கள். புல்லாங்குழல் கண்டக்டர் விசிலாக வந்தது. திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் பல் குத்திக்கொண்டே, "சத்தம் வருதுல்லா? பொறவு என்னய்யா?" என்றார்.

அடுத்து ஒரு ரேடியோ மெக்கானிக். அவன் விலை பாதிதான். வீட்டில் மாட்டினால் பாட்டுக்கு அடியில் எருமை முனகுவதுபோல ஓயாத இரைச்சல். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வேறு யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாதென்று உள்ளே இருந்த ஐ.சி. சில்லின் நம்பரைப் பிளேடால் சுரண்டி, அதன்மேல் நகப்பூச்சும் அடித்திருந்தான். மறைக்கத் தெரிந்த அந்தக் கைக்கு இரைச்சலை அடக்கும் ஓர் எர்த் வயரை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியவில்லை.

லீவு முடியப் பத்து நாள் இருக்கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கடைவீதியில் ஒரு பாய், தானே செய்த பெட்டியைக் கேட்குமுன்பே திறந்து காட்டினார். "நல்லாப் பாருங்க தம்பி, இதுல ஒளிக்க ஒண்ணுமில்ல." ஒரு தட்டையும் போட்டுக் காட்டினார். இரைச்சலே இல்லை. விலைதான் மெக்கானிக் வாங்கியதைப்போல மூன்று மடங்கு. பணம் என் சட்டைப்பையில் இருந்தது. இந்தச் சோப்பு டப்பாவுக்கா இவ்வளவு என்று மனம் முரண்டு பிடித்தது. "பொறவு வாரேன் பாய்" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன்.

"கெடச்சுதால?" என்று வாசலிலேயே கேட்டார் அண்ணன்.

"அங்கயும் சரியா இல்லண்ணே. இருக்கதே பரவால்ல."

மிச்ச நாளெல்லாம் அவர் அந்த முனகலுக்குப் பக்கத்தில் காதைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயிலேறும்போது, "நல்லாத்தாம்ல இருந்துச்சு" என்றார். கடைக்காரர்கள் பிழைப்புக்காக ஏமாற்றினார்கள். நான் எதற்காக ஏமாற்றினேன்? அந்த அருவருப்பு குளித்தாலும் போகவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அடுத்த லீவு. அதற்குள் பாயிடம் போய், பேரம் பேசாமல் அந்தப் பெட்டியை வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் வந்த மறுநாள் காலை அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். பிளேயருக்கு முன்னால் குந்தி, அவருக்குப் பிடித்த தட்டைச் சுழலவிட்டு முள்ளை இறக்கினேன். முனகல் இல்லை, கரகரப்பு இல்லை. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஆலாபனை மெல்ல மேலேறியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. குந்தியபடியே திரும்பி அண்ணனைப் பார்த்தேன்.

அவர் என் முதுகையே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, இன்னும் எம்புட்டு நேரம் அதையே நோண்டிக்கிட்டு இருப்ப? போடுல, கேப்போம்."